நீடாமங்கலம் கேட்டில் நின்றுபோகும் கார்: எர்த் பட்டைக்குள் ஒளிந்திருந்த கோளாறு

வண்டி 2004ஆம் ஆண்டுத் தயாரிப்பு. நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், எம்.பி.எஃப்.ஐ. வகை (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோலைப் பீய்ச்சுவது), ஐந்து பேர் அமரும் சிறிய கார். பதிவெண் டி.என். 51 என்று தொடங்குகிறது. அதாவது முதலில் நாகப்பட்டினத்தில் பதிவான வண்டி. 15 ஆண்டுப் பதிவு முடிந்து, இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டு, பல கை மாறி, மன்னார்குடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் வந்து சேர்ந்திருந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. அந்தக் காலத்துச் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கும் இது பொருந்தும்.

என் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்தபோது குறை என்ன என்று கேட்டேன். ஆசிரியர் சொன்னது: "தம்பி, ரோட்டில் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நீடாமங்கலம் கேட்டில் நின்றால் மட்டும் அணைந்துவிடுகிறது. இரவில் என்றால் நிச்சயம்."

காவிரி டெல்டாவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்த ரயில்வே கேட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. தஞ்சாவூர் - திருவாரூர் பாதையிலிருந்து மன்னார்குடிக் கிளை பிரிகிற சந்திப்பு அது. மன்னார்குடி ரயில்களுக்கு எஞ்சினைக் கழற்றித் திசை மாற்றிப் பூட்டுவார்கள். சரக்கு ரயில்கள் முன்னும் பின்னும் நகரும். அத்தனைக்கும் கேட் மூடியிருக்கும். மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் போகிற ஆசிரியர், ஏ.சி.யையும் முகப்பு விளக்கையும் போட்டபடி வரிசையில் நிற்பார். சிறிது நேரத்தில் விளக்கு மஞ்சளாகும். ஐடிலிங் (நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம்) ஏறி இறங்கும். எஞ்சின் குலுங்கி அணையும். சாவியைத் திருப்பினால் எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு சரி. கேட் திறந்ததும் பின்னால் இருக்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள், யாராவது இறங்கி வந்து தள்ளிவிடுவார்கள். ஓரத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டால், எதுவுமே நடக்காததுபோல் வண்டி கிளம்பிவிடும்.

என்னிடம் வருவதற்குமுன் வேறு இடங்களில் வேலை நடந்திருந்தது. புது பேட்டரி, புது ஸ்பார்க் பிளக்குகள், டைனமோவைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றம், ஐடில் வால்வைச் சுத்தம் செய்தது எல்லாவற்றுக்கும் ரசீதை ஆசிரியர் வரிசையாகக் கோத்து வைத்திருந்தார். (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரையும் நாங்கள் டைனமோ என்றே சொல்லிப் பழகிவிட்டோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.) அந்தக் கோப்பில் என் கண்ணில் பட்டது வேறு ஒன்று: ஆக்சிலேட்டர் கேபிள் இரண்டு முறை மாற்றப்பட்டிருந்தது. ஆக்சிலேட்டர் கேபிள் பல ஆண்டுகள் தாங்குகிற பொருள். குறுகிய காலத்தில் இரண்டு போயிருக்கிறது என்றால் அது கேபிளின் குற்றமாக இருக்க வாய்ப்புக் குறைவு.

சட்டென்று அணைந்ததா, இழுத்து இழுத்து நின்றதா?

நின்றுபோகும் வண்டியின் உரிமையாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் ஒரே நொடியில் செத்தால் தீப்பொறிப் பக்கம் பார்க்க வேண்டும்: எஞ்சின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சார், மின்சாரத்தைத் திறந்துவிடும் மெயின் ரிலே, தேய்ந்துபோன இக்னிஷன் சுவிட்ச் இவற்றில் ஒன்று. திணறி, மிஸ் அடித்து, மூச்சு வாங்கி நின்றால் எரிபொருளோ காற்றோ போதவில்லை. இரண்டையும் கலந்து குழப்பிக்கொண்டுதான் பாதிப் பொருட்கள் வீணாக மாற்றப்படுகின்றன. ஆசிரியர் யோசித்துவிட்டு, "இழுத்து இழுத்துத்தான் நிற்கிறது. நின்ற பிறகும் ஹாரன் அடித்தால் தேய்ந்த குரலில் வருகிறது" என்றார். அந்த இரண்டாவது வாக்கியம் நான் கேட்காமலே வந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர்களிடம் இது ஒரு வசதி. பார்த்ததைப் பார்த்தபடி சொல்வார்கள்.

திணறி நிற்கிறது, ஹாரன் தேய்கிறது. எரிபொருள் குறைவும் மின்னழுத்தக் குறைவும் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்றால், இரண்டையும் இணைக்கிற பொருள் வண்டியில் ஒன்று இருக்கிறது. அது பெட்ரோல் டாங்குக்குள் ஓடுகிற மின்சார பம்பு.

அதற்குள் போவதற்குமுன், வழக்கமாகச் சந்தேகப்படுகிறவற்றை வரிசையாகக் கழித்துவிட்டேன். இப்போது எந்தக் கார் நின்றாலும் பழி எத்தனால் கலந்த பெட்ரோல்மீது விழுகிறது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களுக்கு அது உகந்ததல்ல என்பது உண்மை. ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதும் உண்மை. தண்ணீர் அளவுக்கு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும். ஆகவே பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இந்த வண்டியில் பிரியவில்லை. குழாய்களும் இளகவில்லை.

அடுத்தது எலி. சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் ஒதுங்கும் ஊர் இது. எஞ்சின் சூட்டில் படுத்துக்கொண்டு ஒயரைக் கடிப்பது ஆண்டுதோறும் நடக்கிறது. கண்ணாடி கழுவும் தண்ணீர்க் குழாய் கடிபட்டிருந்தது, ஒயர்கள் தப்பியிருந்தன.

கோளாறைப் படிக்கும் சாதாரண ஸ்கேனர் இந்த வயது வண்டிகள் பலவற்றோடு பேசாது. இந்தியாவில் கார்களுக்குத் தன் கோளாறைத் தானே சொல்லும் ஓ.பி.டி. வசதி கட்டாயமாகத் தொடங்கியது 2010இலிருந்துதான். அதற்கு முந்தைய பல வண்டிகளில் குறிப்பிட்ட இரண்டு முனைகளைச் சிறு ஒயரால் இணைத்தால் செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்து எண் சொல்லும். சொன்னது: கோளாறு எதுவுமில்லை. பம்பு பலவீனமாக ஓடுவதைக் கண்டுபிடிக்க அந்தக் காலத்து இ.சி.எம்.முக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) வழியே கிடையாது. அதனால் இந்தப் பதிலை நம்பவும் முடியாது, தள்ளவும் முடியாது.

கேட்டைப் பட்டறைக்குள் கொண்டுவந்தது

கோளாறு தெரியாத நேரத்தில் அளந்தால் எல்லாமே நல்லபடியாகத்தான் காட்டும். காலையில் குளிர்ந்த வண்டியில் பேட்டரி 12.5 வோல்ட், எஞ்சின் ஓடும்போது, எந்தச் சுமையும் இல்லாமல், 13.9 வோல்ட். முன்பு பார்த்தவர்கள் இந்த அளவைப் பார்த்துவிட்டு 'சார்ஜிங் நன்றாக இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அளவு சரியானது. அளந்த நேரம்தான் தவறு.

ஆகவே கேட்டில் நிற்கும் நிலையை அப்படியே உண்டாக்கினோம். எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, ஏ.சி.யையும் காற்றை உள்ளே தள்ளும் புளோயரையும் முழு வேகத்தில் வைத்து, முகப்பு விளக்குகளையும் பின் கண்ணாடிச் சூடேற்றியையும் போட்டு, ஐடிலிங்கில் விட்டோம். முகப்பு விளக்கு இரண்டும் சேர்ந்து ஒன்பது, பத்து ஆம்பியர் இழுக்கும். புளோயரும் ரேடியேட்டர் ஃபேனும் ஆளுக்கு அதே அளவு. பம்புக்கு நான்கைந்து. பின் கண்ணாடிக்குத் தனியாக. கூட்டினால் நாற்பதைத் தொட்டுவிடுகிறது. ஐடிலிங்கில் டைனமோ தன் முழுத் திறனைத் தராது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆனாலும் அறுபது, அறுபத்தைந்து ஆம்பியர் டைனமோ ஓரளவு சமாளித்துவிடும்.

ரேடியேட்டர் ஃபேன் இந்த வண்டியில் நிற்கவே இல்லை. முன்பக்கம் குனிந்து பார்த்தால் காரணம் தெரிந்தது. ரேடியேட்டருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் நடுவே நெல் பதர் அப்பியிருந்தது. அறுவடைக் காலத்தில் சாலையில் தூற்றுகிற நெல்லும் கதிர் அடிக்கும் இயந்திரம் கக்குகிற தூசியும் கலந்து, பூச்சிகளோடு சேர்ந்து, மெத்தையாகவே படிந்திருந்தது. பின்பக்கமிருந்து தண்ணீர் பாய்ச்சியபோது பொன்னிறமாகக் கொட்டியது. சாலையில் வேகமாகப் போகும்போது காற்று எப்படியோ புகுந்துவிடும். நிற்கும்போது ஃபேன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். உளுந்து பருவத்தில் சாலையில் பரப்பிய கொடிகள் சைலன்சரைச் சுற்றிக்கொண்டு தீப்பிடிப்பதைப் பற்றி இங்கே எல்லோரும் பேசுகிறார்கள். பதர் சத்தமில்லாமல் செய்கிற வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் கழுவுவதை அன்றைக்கு ஓரளவோடு நிறுத்திக்கொண்டேன். ஃபேன் ஓடினால்தான் எனக்குக் கோளாறு தெரியும்.

இருபது நிமிடத்தில் விளக்கு மஞ்சளானது. மல்டிமீட்டரை எடுத்து, டைனமோவின் பாசிட்டிவ் போல்ட்டில் ஒரு முனையும் டைனமோவின் உடம்பில் மறு முனையும் வைத்தேன்: 14.0 வோல்ட். அதே நேரத்தில் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே: 11.9.

டைனமோ தன் கடமையைச் செய்கிறது. பேட்டரியோ பட்டினி கிடக்கிறது. இடையில் 2.1 வோல்ட் எங்கோ காணாமல் போகிறது. பாசிட்டிவ் பக்கம் டைனமோவிலிருந்து பேட்டரிவரை அளந்தேன், கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிவரை அளந்தேன், அங்கேயும் இல்லை. பாடியிலிருந்து எஞ்சின் பிளாக்கிற்கு அளந்தபோது மொத்த இழப்பும் அங்கேயே நின்றது. எஞ்சின் குலுங்கும்போதெல்லாம் அளவு தாவித் தாவி விழுந்தது.

இந்த வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ் முதலில் பாடிக்குப் போகிறது. அங்கிருந்து பின்னிய செப்புப் பட்டை ஒன்று எஞ்சினோடு பிணைந்த கியர்பாக்ஸுக்கு. இதுதான் எர்த் பட்டை, மின்சாரம் திரும்பி வரும் பாதை. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்குகளில் உட்கார்ந்திருப்பதால் பாடியோடு அதற்கு இருக்கிற மின்தொடர்பு பெரும்பாலும் அந்த ஒரு பட்டைதான். விளக்கு, ஃபேன், புளோயர், பம்பு எல்லாவற்றின் மின்சாரமும் பாடி வழியாகத் திரும்பி வந்து, அந்தப் பட்டையில் ஏறித்தான் டைனமோவுக்குப் போய்ச் சேர வேண்டும். பட்டை கெட்டால் டைனமோ எஞ்சினோடு தனித்தீவாகிவிடும். பாடியில் உள்ள சுமையைப் பேட்டரி ஒற்றையாளாகத் தாங்கித் தாங்கி இறங்கிக்கொண்டே போகும்.

இந்த இடத்தில் ஆக்சிலேட்டர் கேபிளின் கதையும் விளங்கியது. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கான எர்த் பாதை அடைபட்டிருந்தால் மின்சாரம் கிடைத்த வழியில் போகும். எஞ்சினையும் பாடியையும் இணைக்கிற இன்னொரு இரும்பு ஆக்சிலேட்டர் கேபிள். கேபிளின் உறையை எஞ்சின் பிடிப்பானில் கழற்றிப் பார்த்தோம். உள்ளே இருந்த பிளாஸ்டிக் பூச்சு பழுப்பேறி, உருகி, மறுபடி இறுகியிருந்தது. பெடல் ஒட்டுகிறது என்று ஆசிரியர் ஒவ்வொரு முறையும் புகார் சொன்னது இதைத்தான்.

உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கும்போதே, ஜம்பர் கேபிளின் ஒரு நுனியைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு நுனியை எஞ்சினின் பெயிண்ட் இல்லாத இரும்பிலும் கவ்வவிட்டேன். முகப்பு விளக்கு பட்டென்று வெளுத்தது. ஃபேனின் சத்தம் ஏறியது. பேட்டரி முனையில் 13.5. கேபிளை எடுத்ததும் மறுபடி மஞ்சள். ஆசிரியர் தன் கையாலேயே ஒருமுறை கவ்வவிட்டு எடுத்துப் பார்த்துக்கொண்டார். "புது பேட்டரி வாங்கியதெல்லாம் வீண்தானா தம்பி?" என்று கேட்டார். "பேட்டரி நல்லது சார், அதற்குச் சாப்பாடு போகவில்லை" என்றேன்.

பட்டையைக் கழற்றி மேசையில் போட்டால் வெளியில் ஒரு குறையும் தெரியவில்லை. போல்ட் இறுக்கமாக இருந்தது. மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்துத் தொட்டால் அருமையாகக் கத்தியது. எர்த்தைச் சோதிக்கிறேன் என்று பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது ஏமாற்று வேலை. 2.1 வோல்ட் இழப்பும் முப்பத்தைந்து ஆம்பியர் ஓட்டமும் என்றால் எதிர்ப்பு வெறும் 0.06 ஓம். சாதாரண மல்டிமீட்டரின் ஒயர்களுக்கே அதைவிடக் கூடுதல் எதிர்ப்பு இருக்கும். பத்து இழையில் ஒன்று மிச்சமிருந்தாலும் மீட்டர் கத்தத்தான் செய்யும். சுமை ஓடும்போது வோல்ட்டை அளந்தால் மட்டுமே இந்தக் கோளாறு வெளிப்படும். நல்ல எர்த்தில் செல்ஃப் அடிக்கும்போதுகூட இழப்பு 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இந்த வண்டி குளிர்ந்திருந்தபோதே 1.6 காட்டியது.

லக்குக்குள் (நுனியில் போல்ட் மாட்டும் உலோகக் கண்) பட்டையை நசுக்கி இறுக்கிய இடத்தைக் கட்டிங் பிளேயரால் பிரித்தேன். உள்ளே செம்பு இல்லை, பச்சைப் பொடிதான் இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்றது. ஓரத்தில் சில இழைகள் மட்டும் கறுத்த நிலையில் உயிரோடு இருந்தன. அந்த லக் இருந்த இடம் பேட்டரித் தட்டுக்கு நேர் கீழே. மேலிருந்து அமிலம் கசிந்திருக்கிறது, வெளியிலிருந்து பல ஆண்டு உப்புக் காற்று. நாகப்பட்டினம் பதிவெண்ணைப் பார்த்ததும் 2018 கஜா புயலில் மூழ்கிய வண்டியோ என்ற ஐயம் எனக்கு இருந்தது. சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பார்த்தேன், ஸ்டெப்னி குழியைத் துடைத்துப் பார்த்தேன். சேற்றுக் கறை எங்கும் இல்லை. வெள்ளத்தில் மூழ்கியது அல்ல, கடலோரத்தில் வாழ்ந்த வண்டி, அவ்வளவுதான்.

இரண்டாவது கோளாறு

எர்த் மட்டும் காரணம் என்றால் கணக்கு முழுதாக ஒத்துவரவில்லை. 11.9 வோல்ட்டில் விளக்கு மங்கும், ஆனால் நல்ல பம்பு ஓடத்தான் செய்யும். பின் இருக்கையைத் தூக்கி, பம்பின் இணைப்பில் அளந்தேன். ஐடிலிங் தள்ளாடிக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே 10.4 வோல்ட்தான் இருந்தது. எரிபொருள் குழாயில் பிரஷர் கேஜ் மாட்டினால், 3 பார் அளவில் நிற்க வேண்டிய முள் 2 பாரை ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. டைமிங் லைட்டைப் பிளக் ஒயரில் மாட்டி வைத்திருந்தேன். எஞ்சின் நிற்கும் கடைசிச் சுற்றுவரை அது விடாமல் மின்னியது. தீப்பொறி கடைசிவரை இருந்தது, பெட்ரோல்தான் போகவில்லை.

மீதி 1.5 வோல்ட்டைத் தேடி ஒயரைப் பிடித்துக்கொண்டே முன்னால் வந்தேன். ஓட்டுநர் இருக்கைப் பக்கத்துத் தரைவிரிப்பைத் தூக்கினால் வண்டியின் ஒயரிங்கில் இல்லாத நிறத்தில் இரண்டு ஒயர்கள், ஒரு சிறிய சுவிட்ச். பழைய உரிமையாளர் யாரோ திருட்டுப் பயத்தில் பம்பின் ஒயரை வெட்டி வைத்த ரகசியக் கட்-ஆஃப். ஆசிரியருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒயரைக் கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப் இளகிப் பிசுபிசுத்து, மழைக்கால ஈரம் இறங்கி, முறுக்கு கறுத்திருந்தது. மின்விசிறிக்குப் போடுகிற தரத்தில் சுவிட்ச். கையை வைத்தால் சுட்டது.

தனித்தனியாக எடுத்தால் இரண்டுமே வண்டியை நிறுத்தியிருக்காது. எர்த் மட்டும் கெட்டிருந்தால் விளக்கு மங்கியிருக்கும். சுவிட்ச் மட்டும் கெட்டிருந்தால் பம்புக்குப் பன்னிரண்டுக்கு மேல் கிடைத்திருக்கும். நிற்கும்போது, சூட்டில், இரவில், எல்லாச் சுமையும் சேரும்போது மட்டும் இரண்டும் கூட்டுச் சேர்ந்தன. நீடாமங்கலம் கேட் அந்த நிலைமை அத்தனையையும் ஒரே இடத்தில் கொடுத்தது.

பழுதுபார்ப்பில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. புதுப் பட்டை போட்டு, இரண்டு முனையிலும் பெயிண்டையும் துருவையும் வெறும் இரும்பு பளிச்சிடும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாசலைன் தடவினோம். பேட்டரித் தட்டுக்கு எட்டாத இடத்தில் இரண்டாவது பட்டை ஒன்றையும் கூடுதலாகக் கொடுத்தேன். கடலோர வண்டிகளுக்கு இதை எப்போதுமே செய்கிறேன். பம்பின் ஒயரை முழு நீளத்துக்கு ஒட்டில்லாமல் இழுத்து, கட்-ஆஃப் சுவிட்சை ஆசிரியரின் சம்மதத்தோடு எடுத்தெறிந்தோம். அவருக்கு அந்த சுவிட்ச்மீது ஆசை வந்துவிட்டது. திருட்டுக்கு நல்லதுதானே என்றார். வேண்டுமென்றால் ரிலே வைத்து முறையாகச் செய்து தருகிறேன் என்றதும் விட்டுவிட்டார்.

எஞ்சினின் பின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தது. ஐடிலிங்கில் எஞ்சின் அதிகமாக ஆடி, பட்டையை ஓயாமல் வளைத்து ஒடித்தது அதுதான். அதை மாற்றாமல் விட்டால் புதுப் பட்டையும் அதே கதியாகும் என்பதால் சேர்த்தே மாற்றினோம். உருகிய ஆக்சிலேட்டர் கேபிளுக்கும் கடைசியாக ஒருமுறை புதிது போட்டது. பேட்டரியைக் கழற்றி வெளியில் மெதுவாகச் சார்ஜ் ஏற்றினேன். நீண்ட நாள் அரைவயிறாகக் கிடந்த பேட்டரியின் தட்டில் சல்பேட் படியும். இது தப்பித்துவிட்டது.

அதே சோதனை, அதே சுமை, அதே சூடு. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே 0.05 வோல்ட், பேட்டரி முனையில் 13.7, பம்பில் 13.3. பிரஷர் முள் 3 பாரில் அசையாமல் நின்றது. பதரை இப்போது முழுதாகக் கழுவிவிட்டதால் ஃபேனும் விட்டுவிட்டுத்தான் ஓடியது.

செலவில் பெரும்பகுதி மவுண்டிங்குக்கும் அதைக் கழற்றி மாட்டும் கூலிக்கும் போயிற்று. எர்த் பட்டை சில நூறு ரூபாய். ஆசிரியர் அதன் பிறகு கும்பகோணம் போய் வந்துகொண்டிருக்கிறார், கேட்டில் ஏ.சி.யை அணைக்கும் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. எலி கடித்த கண்ணாடி கழுவும் குழாய் இன்னும் மாற்றப்படவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.